தேவமோகினியின் காத்திருப்பு: பெத்லகேம் குறவஞ்சியில் அன்பும் நிலைநிற்றலும்

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளை நம் சபைகள் விடாது பாடி வருகின்றன. ஆனால் அவருடைய பெத்லகேம் குறவஞ்சியை முழுவதும் படித்தோர் நம்மிடையே மிகச் சிலரே. படித்தோரும் அதனை ஓர் உருவக அட்டவணையாகவே கொள்வர். தலைவி தேவமோகினி சீயோன் குமாரத்தியாகிய திருச்சபை, குறத்தி விசுவாசம், சிங்கன் குருவானவர், நூவன் உபதேசியார், வலை சுவிசேஷம், பறவைகள் ஆத்துமாக்கள். தேர்வு எழுதுவதற்கு இது போதும். நூலின் இறையியலோ இவ்வட்டவணையில் இல்லை. குறவஞ்சி என்னும் வடிவத்திற்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது என்பது நமது கருத்து.

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை நோக்குக. உலா வரும் தலைவனைக் கண்டு வசந்தவல்லி காதல் கொள்கிறாள், வாடுகிறாள், தோழியைத் தூது விடுகிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள். பின்பு கதை சிங்கனிடம் சென்றுவிடுகிறது. பறவை பிடிப்பதும், காணாமற்போன சிங்கியைத் தேடிக் கண்டடைவதும் அவன் பங்கு. சேர்பவர்கள் குறவனும் குறத்தியுமே. தலைவி தலைவனைச் சேரும் காட்சி நமக்குக் காட்டப்படுவதில்லை. அவள் கையில் எஞ்சுவது ஒரு சொல் மட்டுமே. இதே மரபில் சிவக்கொழுந்து தேசிகர் இரண்டாம் சரபோஜி மன்னரைப் பாடிய சரபேந்திர பூபால குறவஞ்சி தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பட்டது. சரபோஜியும் சாஸ்திரியாரும் சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் வளர்ந்தவர்கள். ஆகவே தாம் கையாளும் வடிவத்தின் இயல்பைச் சாஸ்திரியார் நன்கறிந்திருப்பார். அவ்வடிவத்தை மணவாளனாகிய கிறிஸ்துவுக்கு உரியதாக்கியபோது, அதிலுள்ள காத்திருத்தலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். வாக்கைப் பெற்றும் வருகையை இன்னும் காணாத திருச்சபைக்கு இதனினும் பொருத்தமான வடிவம் தமிழில் வேறொன்று இருப்பதாக நாம் அறியோம்.

இக்காத்திருத்தல் சோம்பியிருத்தல் அன்று. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் எழுந்தது. அதற்கு முற்பட்ட காவிரிப் படுகையில், ஆற்றில் நீர் வரும் நாளை உழவன் தீர்மானிக்க இயலாது. எங்கோ மலைநாட்டில் பெய்யும் மழையை நம்பி அவன் வாய்க்காலைத் தூர் வாரினான், வரப்பைச் செப்பனிட்டான், பசித்தபோதும் விதைநெல்லைத் தொடாமல் காத்தான். யாக்கோபின் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் மழைக்குக் காத்திருக்கும் பயிரிடுகிறவனைப் பற்றிப் படிக்கும்போது, தஞ்சைச் சபையாருக்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது.

இங்கே சொல்லாராய்ச்சி ஒன்றும் வேண்டும். 1 கொரிந்தியர் 13இல் அன்பின் பொறுமை இருமுறை கூறப்படுகிறது. 4ஆம் வசனத்தின் கிரேக்க வினை ‘மக்ரொதூமியா’வைச் சேர்ந்தது, பெரும்பாலும் மனிதரிடத்தில் காட்டும் நீடிய பொறுமை அது. 7ஆம் வசனத்தில் வருவது ‘ஹுப்பொமொனே’யைச் சேர்ந்த வினை, பாரத்தின் கீழ் நகராமல் நிற்பது அது. ஒருவர் இரண்டாவதில் சிறந்து, முதலாவதில் தவறக்கூடும். சாஸ்திரியாரின் வாழ்க்கை இதற்குச் சான்று.

புதிதாக வந்த மிஷனெரிமாரோடு அவர் நடத்திய வழக்கு 1829ஆம் ஆண்டையொட்டி முற்றியது. பப்பிரிசியுஸ் மொழிபெயர்ப்பைத் திருத்துவது, ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுப்பது, மணத்திலும் அடக்கத்திலும் பூக்களை விலக்குவது, சாதி வேறுபாடின்றிச் சபையாரை ஒன்றாக உட்காரச் செய்வது ஆகிய யாவற்றையும் அவர் எதிர்த்தார். கீர்த்தனையையும் பூவையும் பற்றி அவர் கூறியது சரியென்று காலம் காட்டிவிட்டது. அவற்றை விலக்கியோரின் வாரிசுகளே இன்று அவர் பாடல்களைப் பாடுகின்றனர். ஆனால் அதே உறுதியோடு அவர் சாதியாசாரத்தையும் பற்றி நின்றார். பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென்று கட்டளையிட்டபோது தஞ்சைச் சபை பிளவுண்டது. வெள்ளையர் அதிகாரத்தை எதிர்த்த தமிழ்ப் பண்பாட்டுக் காவலர் என்று சாஸ்திரியாரைப் புகழ்வோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். கீழே உட்கார வைக்கப்பட்டவரும் தமிழரே, அதே சபையின் அங்கத்தினரே என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. அவர்களிடத்தில் காட்டவேண்டிய மக்ரொதூமியா எங்கே?

குறவஞ்சியையே கொண்டு அதன் ஆக்கியோனை நியாயந்தீர்க்கலாம். குறி சொல்லும் காட்சியில் மரபுப்படி நடப்பது யாது? மாளிகையில் வாழும் தலைவி, மலைமேலிருந்து கூடை சுமந்து வந்த குறத்தியிடம் தன் கையை நீட்டுகிறாள். குறத்தி அக்கையைப் பற்றிப் பார்க்கிறாள். தொடாமல் குறி இல்லை. அந்தக் குறத்திக்கே சாஸ்திரியார் விசுவாசம் என்று பொருள் தந்தார். உயர்ந்தோர் என எண்ணிக்கொண்டவரின் கையை, தாழ்ந்தவள் எனக் கருதப்பட்டவள் பிடித்தால்தான் திருச்சபைக்கு நம்பிக்கையின் சொல் கிடைக்கிறது. பாட்டில் இதை எழுதியவர் பந்தியில் இதை ஏற்கவில்லை. கவிதை கவிஞரைக் கடந்து சென்றுவிட்டது என்றே கூறவேண்டும். இத்தகைய இடங்கள் இலக்கியத்தில் அரியன அல்ல.

இது பழங்கதையாயிருந்தால் விட்டுவிடலாம். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவ ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. அவையும் தம் வழக்கத்தை ‘முன்னோர் வழியில் நிலைநிற்றல்’ என்றே சொல்லிக்கொள்ளும். ஆகவே குறவஞ்சியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் உருவக அட்டவணையோடு நின்றுவிடாமல், சாதியைக் குறித்துச் சாஸ்திரியார் எழுதியவற்றையும் அதே வகுப்பில் அதே வாரத்தில் மாணவர் முன் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நூலை மேடையேற்றும் சபைகளுக்கும் ஒரு விண்ணப்பம்: நேரம் போதாதென்று எதைச் சுருக்கினாலும், குறத்தி தலைவியின் கையைப் பிடிக்கும் காட்சியைச் சுருக்கவேண்டாம்.