மட்கலமும் மனித இனமும்: பெற்றியின் காலவரிசை முறை பற்றிய ஒரு மதிப்பீடு

பண்டைய எகிப்து என்றதும் பிரமிட்டுக்களும் பொன் முகமூடிகளும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பே. ஆயினும், அந்நாட்டில் எழுத்துத் தோன்றுவதற்கு முற்பட்ட வரலாற்றை ஒழுங்குபடுத்த உதவியவை பெரும்பாலும் கையினால் வனையப்பட்ட எளிய மட்கலங்களேயாம். அவற்றை வரலாற்றுச் சான்றென்னும் நிலைக்கு உயர்த்திய பெருமை பிளிண்டேர்ஸ் பெற்றி (1853 - 1942) என்னும் ஆங்கில அறிஞரைச் சாரும். மட்கலத்திடம் எவ்வினாவைக் கேட்கலாம், எவ்வினாவைக் கேட்டலாகாது என்பதற்கும் அவருடைய எழுத்துக்களே தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றன.

1894 - 95இல் மேல் எகிப்திலுள்ள நகாதாவிற் பெற்றி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதைகுழிகளை அகழ்ந்தார். அங்கு கிடைத்த கலங்கள் அதுவரை அறியப்பட்ட எகிப்தியக் கலங்களை ஒத்திருக்கவில்லை. ஆகவே, பழைய இராச்சியம் வீழ்ந்தபின் வெளியிலிருந்து புகுந்த ‘புதிய இனம்’ ஒன்றினுடையவை அவை என 1896இல் வெளியிட்ட ‘நகாதாவும் பல்லாஸும்’ என்ற நூலில் அவர் வாதிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் பிரெஞ்சு ஆய்வாளரான ஜாக் டி மோர்கன், அவை அரச வம்சங்களுக்கு முற்பட்ட மக்களுடையவை எனக் காட்டினார். பெற்றியும் பின்னர் இதனை ஏற்றுக்கொண்டார். கலங்கள் வேறுபட்டன என்ற அவதானம் சரியானதே; அவ்வேறுபாட்டுக்குக் காலம் காரணமாயிருக்கையில் இனத்தைக் காரணமாக்கியதே பிழை. அப்பிழையின் அளவு ஓராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது.

இத்தவறிலிருந்து அவருடைய தலைசிறந்த சாதனை பிறந்தது. 1901இல் வெளிவந்த ‘டியொஸ்பொலிஸ் பார்வா’ என்ற நூல் அதனை விரிவாக எடுத்துரைக்கின்றது. மணலில் தனித்தனியே தோண்டப்பட்ட குழிகளில் மண்ணடுக்கின் துணை இல்லை. மன்னர் பெயர்களும் இல்லை. ஏறத்தாழ 900 புதைகுழிகளைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி, ஒத்த கலவகைகள் அருகருகே வருமாறு பெற்றி அவ்வட்டைகளை மீண்டும் மீண்டும் அடுக்கினார். அலைவடிவக் கைபிடி கொண்ட கலங்கள் இவ்வரிசைக்கு வழிகாட்டின. பருத்த கலத்திற் பிடிப்பதற்கென அமைந்த கைபிடி, காலப்போக்கில் ஒடுங்கிய உருளைக் கலத்தின் மேல் வெறும் கோடாகத் தேய்ந்துபோயிற்று. இவ்வாறமைந்த வரிசைக்கு 30 முதல் 80 வரை எண்ணிட்ட அவர், மேலும் பழைமையானவை கிடைக்கக்கூடுமென முதல் 29 எண்களையும் வெறுமையாக விட்டார். 1920களில் பதாரிப் பண்பாடு வெளிப்பட்டபோது அவ்வெற்றிடம் பயன்பட்டது. தம் எண்கள் முன்பின் வரிசையையே காட்டும், ஆண்டுகளைக் காட்டா என்ற தெளிவும் அவருக்கிருந்தது.

எனினும், இம்முறையின் குறைகளை மறைத்தல் நேர்மையன்று. பெற்றி வகுத்த ஒன்பது கலவகுப்புக்களிற் சில மேற்பூச்சாலும், சில அலங்காரத்தாலும் பெயர் பெற்றவை. ஒரு வகுப்போ ‘பிந்தியது’ எனக் காலத்தாலேயே பெயர் பெற்றது. காலத்தைக் கண்டறியப் பயன்படும் வகுப்பிற் காலமே முன்கூட்டிப் புகுந்துவிடுமாயின் வாதம் வட்டமாகிவிடும். மேலும், ஐந்து கலவகைகளுக்குக் குறையாத குழிகளையே அவர் தெரிந்தெடுத்தார். வரிசையமைப்பதற்கு இது இன்றியமையாததெனினும், ஓரிரு கலங்களோடு புதைக்கப்பட்ட எளியோர் அவ்வரிசையின் ஆக்கத்தில் இடம்பெறவில்லை. 1957இல் ஜேர்மனிய அறிஞர் வேர்ணர் கைசர், அர்மந்த் இடுகாட்டில் கலவகைகள் நிலப்பரப்பிற் பரவிய முறையை ஆராய்ந்து இவ்வரிசையைத் திருத்தியமைத்தார். கலத்தின் வடிவத்தோடு அது கிடைத்த இடமும் சான்றாகும் என்பது அதனால் வலியுறுத்தப்பட்டது.

இவை முறைசார்ந்த குறைகள், திருத்தத்தக்கவை. கருத்துசார்ந்த குறையோ ஆழமானது. ‘புதிய இனம்’ என்ற கொள்கையைக் கைவிட்ட பின்னரும் அதன் அடிப்படையைப் பெற்றி கைவிடவில்லை. 1939இல் வெளியான ‘எகிப்தின் ஆக்கம்’ என்ற நூலிலும், பண்பாட்டு மாற்றங்களுக்குப் புதிய மக்களின் வருகையையே அவர் காரணம் காட்டினார். அக்கால ஐரோப்பிய அறிவுலகில் இனக்கோட்பாடு பெற்றிருந்த செல்வாக்கு இங்கு வெளிப்படுகின்றது. ஆனால் அவர் சேகரித்த கலங்களே இதற்கு மாறான சான்று பகர்கின்றன. அலைவடிவக் கைபிடிக் கலங்களின் முன்மாதிரி பலஸ்தீனப் பகுதியிலிருந்து வந்தது. அது வணிகத் தொடர்பைக் காட்டுவது. செந்நிற ஓவியம் தீட்டிய வெளிர்நிறக் கலங்கள், சுட்டாற் சிவக்கும் நைல் வண்டலால் அன்றிப் பாலைநில ஓரத்துச் சுண்ணாம்புக் களிமண்ணால் ஆனவை. வனைவோர் புதிய மண்ணையும் அதற்கேற்ற சூளை நுட்பத்தையும் கைக்கொண்டதற்குப் படையெடுப்பொன்று நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை.

கருவாய்ச் செங்கலங்களும் இவ்வகையில் எச்சரிக்கை தருவன. சுடும்போது வாய்ப்பகுதிக்குக் காற்றுக் கிட்டாமையால் அது கறுக்க, ஏனைய பகுதி சிவக்கின்றது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெருங்கற்காலப் பண்பாட்டோடு காணப்படும் கறுப்புச் சிவப்புக் கலங்களும் தோற்றத்தில் இவற்றை ஒத்தவையே. அவ்வொப்புமையை மட்டும் கொண்டு இரு மக்களிடையே உறவு கற்பிக்க முனைவோர், நெருப்பும் காற்றும் செய்த வேலையைக் குருதியின் வேலையாக மயங்குகின்றனர். சுடுமுறை கற்றுக்கொள்ளப்படுவது, வெவ்வேறிடங்களிற் தனித்தனியே கண்டறியப்படக்கூடியதுமாகும்.

1963இல் கணிதவியலாளர் டேவிட் கெண்டல் பெற்றியின் அட்டை வரிசையைப் புள்ளியியல் நோக்கில் ஆராய்ந்து, அதன் அறிவியற் பெறுமதியை எடுத்துக்காட்டினார். 2013இல் வெளியான கதிரியக்கக் காபன் ஆய்வு முதலாம் வம்சத்தின் தொடக்கத்தைக் கி.மு. 3100 அளவில் வைத்து, பெற்றி தரமுடியாத ஆண்டுக்கணக்கைத் தந்தது. அவர் அமைத்த வரிசை திருத்தங்களோடு நிலைத்துள்ளது. அவர் கற்பித்த இனங்களோ நிலைக்கவில்லை. எது முந்தியது, எது பிந்தியது, எம்மண்ணால் ஆனது, எவ்வாறு சுடப்பட்டது என்ற வினாக்களுக்கு மட்கலம் விடை கூறும். தன்னை வனைந்தவன் எக்குலத்தவன் என்ற வினாவுக்கு அது வாய்திறப்பதில்லை. அவ்விடத்தில் ஒலிப்பது ஆய்வாளனின் குரலே என்பதை உணர்தல், தொல்பொருளியல் பயில்வோர் எவர்க்கும் முதற்பாடமாதல் வேண்டும்.