வாழத் துணிந்த தமக்கை

திருநாவுக்கரசரை அறியாத தமிழ் மாணவர் அரியர். அவரை நாவுக்கரசராக்கிய தமக்கையாரை நன்கறிந்தோரும் அரியரே. தம்பிக்குத் திருநீறு அளித்தவர் என்னும் ஒரு வரியோடு திலகவதியாரின் வரலாற்றைச் சுருக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அவ்வாறு சுருக்கவில்லை. திருநாவுக்கரசு நாயனார் புராணத்தின் முற்பகுதியைத் தாங்கி நிற்பவர் இவ்வம்மையாரே. அவரைப் புலவர் எவ்வாறு படைத்துக் காட்டுகிறார் என்பது ஆராயத்தக்கது.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாகத் தோன்றியவர் திலகவதியார். அவருக்கு 12 வயதாகும்போது கலிப்பகையார் என்னும் படைத்தலைவர்க்கு மணம் பேசி முடித்தனர். மணம் நிகழுமுன்பே மன்னன் ஆணையை ஏற்றுக் கலிப்பகையார் போர்முனைக்குச் சென்றார். இடையில் புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியாரும் கணவருடன் உயிர் துறந்தார். அத்துயர் ஆறுமுன் கலிப்பகையார் களத்தில் வீழ்ந்த செய்தியும் வந்தது. இவ்வாறு இழப்பின்மேல் இழப்பாக அடுக்கிச் செல்லும் புலவர், அம்மையாரை மூன்று சோதனைகளின் முன் நிறுத்துகிறார்.

முதற்சோதனை, வாழ்வதா மாள்வதா என்பது. பெற்றோர் தம்மை உரிமையாக்கியது கலிப்பகையார்க்கே. ஆதலின் தம் உயிரும் அவர் உயிரோடு சேர்தலே முறை எனத் துணிகிறார் திலகவதியார். இளைய தம்பி மருணீக்கியார் அவர் அடிகளில் வீழ்ந்து அழுகிறார். தாய் தந்தையர் மறைந்த பின்னும் தமக்கையார் இருத்தலாலேயே தாம் உயிர் வைத்திருப்பதாகவும், அவரும் நீங்குவாராயின் அவருக்கு முன்னரே தாம் இறப்பதாகவும் மொழிகிறார். அதன்பின் அம்மையார் தம் துணிவை மாற்றிக்கொள்கிறார். தாலி அணியாத அவர், எல்லா உயிர்கள்மாட்டும் அருள் கொண்டு இல்லத்திலிருந்தே தவம் மேற்கொள்கிறார்.

இங்கே தாயையும் மகளையும் அடுத்தடுத்து நிறுத்திய புலவரின் திறம் உணரத்தக்கது. கணவரோடு மறைந்த தாயின் செயலை அக்காலச் சமுதாயம் போற்றியது, புலவரும் போற்றுகிறார். எனினும் காப்பியத்தை முன்னே நடத்திச் செல்வது மகளின் முடிவே. உயிரை விடுதல் ஒரு கணத்துச் செயல். பிறர்க்காக உயிரைத் தாங்கி நிற்றலோ நாள்தோறும் புதுப்பிக்க வேண்டிய நோன்பு. இந்த வேறுபாட்டை விளக்கவுரையாகக் கூறாமல் கதையின் போக்கிலேயே புலப்படுத்தியது சேக்கிழாரின் சிறப்பு எனலாம்.

இரண்டாஞ்சோதனை அதனினும் கொடியது. யாருக்காக வாழ்ந்தாரோ அத்தம்பியே சமண சமயம் சார்ந்து, பாடலியில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்று விளங்குகிறார். குடும்பம் என்று எஞ்சியிருந்த ஒரே உறவும் அகன்றுவிட்டது. அம்மையார் புலம்பிச் சோர்ந்து விடவில்லை. திருவதிகை சென்று, வைகறைக்கு முன்னரே திருவலகிட்டு, சாணத்தால் மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்து வீரட்டானத்து இறைவனுக்குத் தொண்டு புரிகிறார். தம்பியை ஆட்கொள்ள வேண்டும் என்பதே அவர் இடைவிடாது வைத்த வேண்டுகோள்.

மூன்றாஞ்சோதனையில் அன்பும் கொள்கையும் எதிரெதிரே நிற்கின்றன. சூலை நோயால் துடிக்கும் தம்பி ஆளனுப்புகிறார். உயிரினும் மேலாகப் போற்றிய தம்பியின் நோய்ச் செய்தி கேட்டும், சமணர் உறையும் இடத்திற்கு வாரேன் என மறுத்துவிடுகிறார் திலகவதியார். இது கல்மனம் அன்றோ என மாணவர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. விடை அடுத்த காட்சியில் உள்ளது. இரவோடிரவாக வந்து அடிபணிந்த தம்பியை அவர் கடிந்துரைத்ததாகச் சேக்கிழார் பாடவில்லை. இது இறைவன் அருள் எனத் தேற்றி, ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்து, விடியுமுன் தம்முடன் திருக்கோயிலுக்கு அழைத்துச் செல்கிறார். மறுத்தது தம்பியை அன்று, அவ்விடத்தை மட்டுமே. தாமே நடந்து வந்தால்தான் மீட்சி நிலைபெறும் என்னும் தெளிவு அம்மறுப்பில் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம்.

பின்னாளில் நாவுக்கரசர் கையில் உழவாரப்படை விளங்குகிறது. கோயில் முற்றத்தைத் தூய்மை செய்யும் அத்தொண்டு, தமக்கையார் கையிலிருந்த திருவலகின் தொடர்ச்சியே அன்றோ? தம்பியின் பாட்டை உலகம் போற்றுகிறது. அவர் கைத்தொண்டின் முன்மாதிரி வீட்டிலேயே இருந்தது.

இத்துணைச் சிறப்புடையவர்க்குத் தனிப்புராணம் இல்லை. தனியடியார் 63 பேருள் இடம்பெற்ற பெண்பாலார் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் ஆகிய மூவரே. சுந்தரர் அருளிய திருத்தொண்டத்தொகையின் வரிசையைச் சேக்கிழார் அடிப்படையாகக் கொண்டதால், அத்தொகையில் இல்லாத ஒருவர்க்குத் தனியிடம் தர இயலவில்லை. ஆயினும் தம்பியின் வரலாற்றுக்குள்ளேயே தமக்கைக்குரிய இடத்தை அமைத்துக் கொடுத்தார். நாவுக்கரசரின் தலப்பயணம் விரியும்போது அம்மையார் காப்பியத்தின் முன்னணியிலிருந்து மறைந்துவிடுவது வாசகர்க்கு ஒரு குறையே. மணம் பேசிய அளவிலேயே ஒரு பெண்ணின் வாழ்வு முடிந்துவிடுமோ என்னும் வினாவையும் புலவர் எழுப்பவில்லை. இது அவர் காலத்தின் எல்லை.

அவ்வெல்லைக்குள்ளும், இழப்பால் ஒடிந்துபோகாத ஒரு பெண்ணைத் தமிழுக்குத் தந்தார் சேக்கிழார். ஆசிரியர்கள் நாவுக்கரசர் வரலாற்றைக் கற்பிக்கும்போது சூலை நோயிலிருந்து தொடங்காமல், திருவாமூர் இல்லத்தில் தம்பியின் கண்ணீர் கண்டு வாழத் துணிந்த தமக்கையிடமிருந்து தொடங்குவாராயின், மாணவர் அப்புராணத்தை முழுமையாக உணர்வர்.