விடைத்தாளை வாசிக்கத் தெரியாத ஆசிரியர்

கணிதம் உலகத்துக்கே பொதுமொழி. ஆகவே ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர் எந்த நாட்டு வகுப்பறையிலும் துணிந்து நுழையலாம் என்கிறார்கள். பயிற்சி மாணவர்களைச் சில வாரங்களுக்கு ஆப்பிரிக்கப் பள்ளிகளுக்கு அனுப்பிவைக்கும் வழக்கத்துக்குச் சொல்லப்படும் நியாயங்களில் அதிகம் எடுபடுவது இதுதான். போய்வந்தவர்களும் இதையே எழுதுகிறார்கள்: பேச்சு புரியவில்லை, எண்களைக் கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

அந்தப் பயணத்தால் பயிற்சி மாணவருக்கு நன்மை உண்டு, மறுக்கவில்லை. பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அறையில், ஆளுக்கொரு பாடநூல் இல்லாமல், ஒரு சாக்கட்டியை நம்பிப் பாடம் நடத்திப் பார்ப்பது பெரிய அனுபவம். 1961-இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படை, ஏறத்தாழ மூன்று மாதம் உள்ளூர் மொழியும் பழக்கவழக்கமும் சொல்லிக்கொடுத்த பிறகே தொண்டரை இரண்டாண்டுப் பணிக்கு அனுப்புகிறது. அந்த ஏற்பாட்டை இதோடு சேர்த்துக் குறைசொல்ல மாட்டேன். என் மறுப்பு வாரக்கணக்கில் முடிந்துவிடும் பயிற்சியின்மீது.

சரியான வழியை விளக்கிக் காட்டுவது கணிதம் கற்பிப்பதில் எளிய பாதி. பிள்ளை எழுதிய விடையைப் பார்த்து, அது எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் கடினமான பாதி. பொதுமொழி வாதம் இந்த இரண்டாம் பாதியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

தான்சானியாவைப் பாருங்கள். அங்கே அரசுத் தொடக்கப்பள்ளியில் சுவாஹிலி வழியாகக் கணக்குப் படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. சுவாஹிலி பேசுவோர் பொழுது விடிந்ததிலிருந்து மணி எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு, அவர்களுக்கு ஒன்று; நமக்குப் பத்து, அவர்களுக்கு நான்கு; நம் பிற்பகல் ஒரு மணி அவர்களுக்கு ஏழு. காலை 10 மணிக்குக் கிளம்பிய பேருந்து பிற்பகல் 1 மணிக்கு ஊர் சேர்ந்தால் பயண நேரம் என்ன? ஏழில் நான்கு போனால் மூன்று என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. வினாவில் ஏழும் இல்லை, நான்கும் இல்லை. விடை மட்டும் சரி. வந்து பத்து நாளான ஆசிரியர் இதைப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியது என்றுதானே நினைப்பார்? காலை எட்டு மணிக்குத் திறக்கும் சந்தை இரண்டு மணிக்குத் திறக்கிறது என்று எழுதும் பிள்ளைக்கு அவர் தயங்காமல் தவறு போடுவார். வித்தியாசம் எப்போதும் ஆறு என்பதை உள்ளூர் ஆசிரியர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

நேரக் கணக்கு மட்டும்தான் இப்படி என்று ஒதுக்கிவிட முடியாது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்க நாம் பத்தாமிடத்திலிருந்து கடன் வாங்கி, மேலே உள்ள ஐந்தை நான்காக்குகிறோம். பிரெஞ்சு மரபைப் பின்பற்றும் ஆப்பிரிக்கப் பள்ளியில் படித்த பிள்ளை ஐந்தைத் தொடாது. கீழே உள்ள இரண்டை மூன்றாக்கும். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, ஐந்தில் மூன்று போக இரண்டு. அங்கும் விடை 25. இந்த முறையை அறியாமல் அங்கே போனவர், நன்றாகக் கழிக்கத் தெரிந்த பிள்ளையை நிறுத்திவைத்துக் கடன் வாங்கக் கற்றுக்கொடுப்பார். அவர் விமானம் ஏறிய பிறகு இரண்டு முறைகளும் குழம்பிய தலையோடு உட்கார்ந்திருப்பது அந்தப் பிள்ளை.

லைபீரியாவில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஜான் கே, உளவியலாளர் மைக்கேல் கோலுடன் சேர்ந்து கிபெல்லே மக்களின் கணித அறிவை ஆராய்ந்தார். அவர்களுடைய நூல் 1967-இல் வந்தது. ஒரு பாத்திரத்து அரிசி எத்தனை குவளை வரும் என்று மதிப்பிடுவதில் கிபெல்லே பெரியவர்கள் அமெரிக்கர்களை மிஞ்சினார்கள். கணக்கு வராதவர்கள் என்று பள்ளிக்கூடம் முத்திரை குத்திய மக்கள் எதை, எப்படி அளக்கிறார்கள் என்று இருவரும் பொறுமையாகக் கேட்டதால் தெரிந்தது இது. ஆறு வாரத்தில், தன் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பும் கவலையில் இருக்கும் பயிற்சி மாணவருக்கு அப்படிக் கேட்க ஏது நேரம்?

ஆசிரியர் பற்றாக்குறை உள்ள இடத்தில் யாரோ ஒருவர் வருவது நல்லதுதானே என்கிறார்கள். இந்தச் சமாதானம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தம் ஊர்ப் பள்ளியில் மேற்பார்வை இல்லாமல் ஒரு வகுப்பைக்கூட ஒப்படைக்கத் துணியாத பயிற்சி மாணவரை, கட்டணம் கட்டித் தனியாகப் படிக்க வசதியில்லாத பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம் என்பது என்ன நீதி? கணக்கில் ஒரு மாதம் தடுமாறினால் அடுத்த பாடமும் கைவிட்டுப்போகும். ஆசிரியரின் தன்னம்பிக்கை வளர்ந்தது என்பது அந்தப் பிள்ளைக்கு ஈடாகாது.

அனுப்பியே தீர வேண்டுமென்றால், முதல் மூன்று வாரம் சாக்கட்டியைத் தொடவிடாதீர்கள். வகுப்பின் கடைசி வரிசையில் உட்காரட்டும். மாலையில் உள்ளூர் ஆசிரியரோடு பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தட்டும்; ஒவ்வொரு தவறுக்கும் காரணம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்த நேரத்துக்கு உள்ளூர் ஆசிரியருக்கு ஊதியம் கொடுங்கள். பயிற்சி மாணவருக்கு மதிப்பெண் போடும் பொறுப்பையும் அவரிடமே விடுங்கள்.