இயந்திரப் பாத்திரங்களின் நம்பகத்தன்மை: ஜீனோவும் சிட்டியும்

புனைகதையில் இயந்திரம் பேசுவது இன்று வியப்புக்குரியதன்று. 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின், தமிழில் உரையாடும் இயந்திரம் நம் மாணவர்க்குப் பழகிய ஒன்றாகிவிட்டது. அவர்கள் எழுதும் சிறுகதைகளிலும் செயற்கை நுண்ணறிவுப் பாத்திரங்கள் இடம்பெறத் தொடங்கியுள்ளன. அவற்றுள் பல, கதையின் முடிவில் மனிதரைப்போல் அழுகின்றன. ஆயினும் நம்மால் அவற்றை நம்ப இயலவில்லை. இதற்கான காரணத்தைத் தமிழர் நன்கறிந்த இரு படைப்புகளின்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. 2021ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்த அந்நாவலில் வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய். அது பேசுகிறது, நூல்களைப் படிக்கிறது, கேலி செய்கிறது. எனினும் அது மனிதனாக முயலவில்லை. சிறிய உடல், பிறரது உடைமை என்னும் நிலை, தன்னைவிட அறிவு குறைந்தோரிடம் பணிந்து நடக்கவேண்டிய நெருக்கடி ஆகியவற்றினின்றே அதன் நகைச்சுவை பிறக்கிறது. நாட்டை ஆளும் ஜீவாவோ வெறும் ஒளிப்பிம்பம் எனப் பின்னர்த் தெரியவருகிறது. மனித உருக்கொண்ட தலைவன் பொய்யாகவும், பொம்மை எனக் கருதப்பட்ட நாய் ஆளுமையுடையதாகவும் அமைந்த இம்முரணே நாவலின் உயிர்நிலை எனலாம்.

2010இல் வெளிவந்த 'எந்திரன்' திரைப்படத்தின் சிட்டி இதற்கு மாறான நிலையில் வைத்து நோக்கத்தக்கது. தீப்பற்றிய கட்டடத்திலிருந்து, குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ஆடையின்றியே சிட்டி பலர்முன் தூக்கி வருகிறது. நாணம் தாளாத அப்பெண் ஓடிச் சென்று வாகனத்தில் மோதி இறக்கிறாள். சிட்டி செய்தது பிழையா, சரியா? உயிரைக் காக்க வேண்டும் என்பதை அது அறியும், நாணத்தை அறியாது. நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள், நெஞ்சில் நாணமில்லாதோரின் நடமாட்டத்தைக் கயிற்றால் ஆட்டுவிக்கப்பட்டு உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறது. அவ்வுவமையின் மறுதலை போலவே இக்காட்சி அமைந்துள்ளது. இங்குச் சிட்டியின் அறியாமையே அதன் குணமாகிறது. நாமும் அதனை முழுமையாக நம்புகிறோம்.

இதன் பின்னரே அதற்கு உணர்ச்சிகள் புகட்டப்படுகின்றன. அது சனாவைக் காதலிக்கிறது; பிறகு சிவப்புச் சில்லு பொருத்தப்பட்டதும் கொடியதாகிறது. காதல், கொடுமை இரண்டும் வெளியிலிருந்து வந்தவை. மாற்றம் பாத்திரத்திற்குள் நிகழவில்லை. பாகம் மாற்றப்பட்டதால் நிகழ்ந்தது. எனினும் இறுதியில் சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கும் காட்சி நம் நெஞ்சைத் தொடுகிறது. அவ்வாறு விடைபெறுவது இயந்திரத்திற்கு மட்டுமே இயலும் என்பதே அதன் காரணம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுவதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நான்கு நிலைக்களன்களையும் வகுத்துரைக்கிறது. அழுகைக்கு இழவும் வறுமையும் களன்களாதல் போல, களனின்றி மெய்ப்பாடு இல்லை. மாணவர் கதைகளில் நாம் காணும் குறை இதுவே. அழுகை இருக்கிறது, அழுவதற்குரிய களன் இல்லை. இயந்திரத்திற்குரிய இழவு யாது? நினைவு அழிக்கப்படுதலா, பயனற்றதென ஒதுக்கப்படுதலா? இவ்வினாவை எழுப்பாத படைப்பாளி, மனிதக் கண்ணீரை இயந்திரத்திற்கு இரவல் தருகிறார்.

1966இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்னும் எளிய உரையாடல் நிரலுக்கே, அதனுடன் உரையாடியோர் மனம் இருப்பதாகக் கருதினர். பேச்சைக் கேட்டதும் மனத்தைக் கற்பித்துக்கொள்ளும் இயல்பு நம்முடையது. ஆகவே இயந்திரத்தைப் பேசவைப்பது எளிது. அதனைப் பாத்திரமாக்குவதே அரிது.

மனித உணர்ச்சி மிகுந்தோறும் இயந்திரப் பாத்திரம் சிறக்கும் என்றே நாமும் வகுப்பறையில் நெடுங்காலம் கற்பித்து வந்தோம். அக்கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. மாணவர் கதையைத் திருத்தும்போது 'இது மனிதரைப்போல் உள்ளதா?' என்று வினவுவதைவிட, 'இது எதை அறியாது? எதை இழக்கக்கூடும்?' என்று வினவுவதே தகும். மனிதப் பாத்திரங்களுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும் என்பதை மாணவர் விரைவிலேயே உணர்வர்.