மக்பெத்தும் மகிந்தவும்

மகிந்த ராஜபக்சவை மக்பெத்துடன் ஒப்பிடுவோர் எம்மவரிடையே உண்டு. சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன நாள் குறிக்க, பதவிக்காலம் இரண்டு வருடம் மீதமிருக்கையிலேயே தேர்தல் வைத்து, 2015 ஜனவரி 8இல் தோற்றாரல்லவா? குட்மேய்ஸில் நான் வேலைசெய்யும் உணவகக் குசினியிலும் இதே கதைதான். எனக்கு உடன்பாடில்லை.

சூனியக்காரிகள் மக்பெத்திடம் ஓரிடத்திலும் கொல் என்று சொல்லவில்லை. அரசனாவாய் என்றார்கள், அவ்வளவுதான். டங்கனைக் கொல்லுமுன், இது அநியாயம் என்று அவன் தன்னோடுதானே வாதாடுகிறான். பான்கோவைக் கொல்ல ஆளனுப்பும்போது அந்த வாதாட்டம் தேய்ந்துவிட்டது, மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. பான்கோவின் சந்ததி ஆளும் என்றதும் அதே வாய்கள்தான் என்பதைக் கவனிக்கவேண்டும். சாதகமான வாக்கை விதியென்று நம்புகிறவன், பாதகமானதைக் கத்தியால் திருத்தப் பார்க்கிறான். (எங்கள் வீடுகளிலும் சாத்திரியை இப்படித்தான் நம்புகிறோம், கத்தி ஒன்றுதான் குறை.)

முதலில் சூனியக்காரிகள் அவனுக்காகக் காத்திருந்தார்கள். நாலாம் அங்கத்தில் அவனே அவர்களைத் தேடிப்போகிறான். கேட்டுமுடிந்த கையோடு மக்டவ்வின் மனைவி பிள்ளைகளைக் கொல்ல முடிவெடுக்கிறான். ஒரு கணத் தயக்கமும் இல்லை.

ஆனாலும் முதுமைக்குரிய மதிப்பும் அன்பும் நட்பும் தனக்கு இனி இல்லையென்று கடைசி அங்கத்தில் அவனே ஒப்புக்கொள்கிறான். அதனால்தான் அவன் துன்பியல் நாயகன். முள்ளிவாய்க்கால் நடந்த 2009இல் ஜனாதிபதியாக இருந்தவரிடமிருந்து அப்படியொரு வார்த்தையை நான் கேட்டதில்லை. மக்பெத்தின் தலை ஐந்தாம் அங்கத்தில் போய்விடுகிறது. இவர் 2019இல் பிரதமராகத் திரும்பி வந்தார்.