சாதியா, வாழிடமா? விளக்க மாறிகளும் மாதிரிகளின் பொருத்தமும்

ஒரே தரவுக்கு இரு புள்ளியியல் மாதிரிகளைப் பொருத்தி, ஒன்றில் சாதியையும் மற்றதில் வாழிடத்தையும் விளக்க மாறியாகக் கொண்டு, அகைகே அளவை எதற்குக் குறைவோ அம்மாறியே மொழி வேறுபாட்டின் காரணம் என முடிவு கட்டும் போக்கு சமூக மொழியியல் ஆய்வேடுகளில் காணப்படுகிறது. இம்முடிவு ஏற்கத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மும்பைத் தமிழரின் பேச்சில் ழகரம் நிலைபெறுகிறதா, ளகரமாகிறதா என்பதைச் சார்பு மாறியாகக் கொள்வோம். வாழிடம் தாராவி, மாதுங்கா, செம்பூர், கல்யாண் என நான்கு. சாதி பிராமணர், பிராமணரல்லாதார் என இரண்டு. 20 பேரிடம் திரட்டிய 400 சான்றுகள்; வாழிட மாதிரியின் விலக்கம் சாதி மாதிரியினதைவிட 10 குறைவு. (இவ்வெண்கள் விளக்கத்திற்காகப் புனைந்தவை, கள ஆய்வில் பெற்றவை அல்ல.) வாழிடத்திற்கு மூன்று கெழுக்கள் வேண்டும்; சாதிக்கு ஒன்று போதும். அகைகே அளவை கெழு ஒன்றுக்கு 2 தண்டம் விதிப்பதால் 10-இல் 4 கழிய, வாழிடம் 6 புள்ளி முந்துகிறது. ஷ்வார்ட்ஸ் 1978-இல் முன்வைத்த அளவையோ சான்றுகளின் எண்ணிக்கையின் இயல் மடக்கையைத் தண்டமாகக் கொள்வது. 400-க்கு அது ஏறத்தாழ 6. தண்டம் 12 ஆகிவிட, சாதி 2 புள்ளி முந்துகிறது. ஒருவர் வாயிலிருந்து வந்த இருபது சான்றுகளும் தம்முள் தொடர்புடையவை. ஆதலின் ஆட்களையே எண்ணுக எனின், 20-க்கு மடக்கை 3. மீண்டும் வாழிடம் 4 புள்ளி முந்தும். தரவு மாறவில்லை, தீர்ப்பு மட்டும் இருமுறை மாறிவிட்டது.

சாதியைச் சொல்ல விரும்பாதோரைச் சாதி மாதிரியிலிருந்து மட்டும் விலக்கிவிட்டு அளவைகளை ஒப்பிடுவது இதனினும் பெரும் பிழை. வெவ்வேறு தரவுகளுக்குப் பொருத்திய மாதிரிகளை ஒப்பிடவே இயலாது.

எனினும் அடிப்படைச் சிக்கல் கணக்கில் இல்லை. குடியேற்ற வரலாற்றில் உள்ளது. தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் தாராவியில் குடியேறினர். அலுவலகப் பணி நாடி வந்த பிராமணர் பலர் மாதுங்காவில் தங்கினர். ‘மாதுங்கா’ என்று படிவத்தில் குறிக்கும்போதே பாதிச் சாதியைக் குறித்துவிடுகிறோம். இவ்வாறு பிணைந்த மாறிகளுள் எது காரணம் என்பதை எந்த அளவையும் பிரித்துக் காட்டாது.

பிரிக்கும் வழியை வில்லியம் பிரைட்டும் அ. கி. ராமானுஜனும் 1964-இல் வெளியான கட்டுரையிலேயே காட்டியுள்ளனர். தமிழில் பிராமணர் பேச்சு ஒலி மாற்றத்தில் பின்தங்குவதற்குக் காரணம் சாதியா, எழுத்தறிவா? தமிழ்த் தரவில் இவ்விரண்டும் பிணைந்திருந்தன. எழுத்து வழக்கு பரவலாக இல்லாத துளுவை அவர்கள் நாடினர். அங்கு இரு சாதியார் பேச்சிலும் அத்தகைய மாற்றங்கள் காணப்பட்டமையால், எழுத்தறிவே தடையாகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. கணினியின் உதவியின்றிச் செய்த மாதிரி ஒப்பீடு அது!

மும்பையிலும் இப்பிணைப்பைத் தளர்த்தும் பேச்சாளர்களைத் தேடலாம். ஆங்கில வழியில் பயின்று தமிழ் எழுத்தறியாத செம்பூர், கல்யாண் பிராமணர் ஒருபுறம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பயின்ற தாராவி இளைஞர் மறுபுறம். இவ்விரு பிரிவினரும் போதிய அளவில் இடம்பெறாத தரவுக்கு எத்தனை மாதிரிகளைப் பொருத்தினும் பயனில்லை.

காரணத்திற்குச் ‘சாதி’ எனப் பெயரிட்டால் பேச்சு பிறப்பால் அமைவது என்று படிப்போர் கொள்வர். ‘கல்வி’ என்றால் பள்ளியால் மாறுவது என்பர். தாராவிப் பாத்திரம் ஒன்றின் உரையாடலைத் தமிழில் பெயர்ப்பவர் ழகரத்தை எங்கே விடுவது என்று தீர்மானிப்பதும் இப்பெயரைக் கொண்டே. ஆய்வேட்டில் அளவைப் பட்டியலுக்கு முன்னர், எம்மாறியோடு எம்மாறி எத்துணைப் பேரிடம் இணைந்து வருகிறது என்னும் குறுக்கு அட்டவணை இடம்பெற வேண்டும்.