ஆறு என்னும் சொல்லாடல்: பாம்பாற்றை முன்வைத்து

திருப்பூரில் ஆறு என்றால் நொய்யல், நொய்யல் என்றால் சாயம். இந்தச் சமன்பாட்டுக்குள்ளேயே நம்முடைய சுற்றுச்சூழல் பேச்சு முப்பது வருஷமாகச் சுற்றி வருகிறது. பாசனத்துக்கென்று 1992ல் வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது, சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை' (1998) எழுதியது, 2011ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாம் இதற்குள் அடங்கும். அவசியமான பேச்சுதான், குறை சொல்லவில்லை. ஆனால் 2009ல் உருவான திருப்பூர் மாவட்டத்தின் தெற்கு விளிம்பில், உடுமலைக்கு மேலே, மாநில எல்லையைத் தாண்டி இன்னொரு ஆறு இறங்கி வருகிறது. அதைப் பற்றி எழுதப் பேசத் தொடங்கினால் நம் கையில் சொற்கள் இல்லை. கடன் வாங்கிய சொற்கள்தான் இருக்கின்றன, அவையும் பொதுப்பணித்துறையுடையவை.

பாம்பாறு இடுக்கி மலைகளில் பிறந்து மறையூர் வழியாகச் சின்னார் சரணாலயத்துக்குள் இறங்குகிறது. எல்லைக்கோடாக ஓடும் சின்னாறு அதில் சேர்கிறது. தேனாறும் வந்துசேர, அமராவதி அணைக்குள் போய் விழுகிறது. அணைக்குக் கீழே அதற்குப் பெயர் அமராவதி, சங்கப் பிரதிகளில் ஆன்பொருநை. தாராபுரம், கரூர் தாண்டிக் காவிரி. 1950களில் கட்டிய இந்த அணை நான்கு டி.எம்.சி. கொள்ளும். ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் இதை நம்பி இருக்கிறது.

இந்த ஆற்றைப் பற்றி அதிகாரபூர்வமாகப் பேசப்பட்ட கடைசி முக்கியமான வார்த்தை 'மூன்று'. 2007ல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு 30 டி.எம்.சி. ஒதுக்கியது: கபினியில் 21, பவானியில் 6, பாம்பாற்றில் 3. 2018ல் உச்சநீதிமன்றம் அந்த முப்பதைத் தொடவில்லை. நடுவில் 2014ல் கேரளம் பட்டிசேரியில் அணை கட்டத் தொடங்க, தமிழக அரசு எதிர்த்தது. உடுமலைப் பக்கம் 'நம்ம தண்ணி', காந்தளூர்ப் பக்கம் 'அவங்க தண்ணி'. இரண்டு பக்கமும் விவசாயிகளின் பயம் உண்மையானது. நான் கேட்பது வேறு. 1956ம் வருஷத்திய மாநிலங்களிடை நதிநீர்த் தகராறுச் சட்டத்தின் முன் நிற்கக்கூடிய தரப்பு மாநில அரசு மட்டும்தான். ஆற்றின் கரையில் இருப்பவர்கள் அதில் வாய்திறக்க வேண்டுமானால் முதலில் 'தமிழ்நாடு' ஆகவோ 'கேரளம்' ஆகவோ மாறியாக வேண்டும். மாற முடியாதவர்கள் என்ன ஆவார்கள்?

மீனிலிருந்து தொடங்கலாம். பாம்பாற்றின் சின்னார் காட்டுப் பகுதியில் கேரள ஆய்வாளர்கள் கண்டு 'டோர் ரெமாதேவி' என்று பெயரிட்ட மஹ்சீர் கெண்டையும், காவிரியில் வெள்ளைக்காரத் துரைகள் தூண்டில் போட்டுப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட முதுகு திமிலுள்ள மஹ்சீரும் ஒரே இனம் என்று 2018ல் வெளியான ஆய்வு காட்டியது. ஐம்பது கிலோவுக்கு மேல் வளரக்கூடிய மீன். இன்று அழிவின் கடைசி விளிம்பில் இருப்பதாகச் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. மழைக்காலத்தில் மேலேறிப் போய் முட்டையிடுகிற சாதி. அதற்கு நடுவில் அமராவதி அணை நிற்கிறது. கீழே இருப்பது மேலே போக வழியில்லை. அணைக்குள் பெருகியதோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஜிலேபி. அணை பார்க்கப் போகிறவர்கள் வறுத்துச் சாப்பிடுவதும் அதைத்தான். மூன்று டி.எம்.சி. மேலே நின்றாலும் கீழே வந்தாலும் மஹ்சீருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. தண்ணீரின் அளவு மட்டும் பேசும் மொழியில் 'போக்குவரத்து' என்ற வினை கிடையாது.

இந்த மொழி முழுக்க பொறியாளர்கள் செய்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் எனக்கு வேறொரு சந்தேகம். கருப்பொருள் அட்டவணையை மனப்பாடம் செய்து எழுதித்தான் நாங்களெல்லாம் தேறினோம். அதில் குறிஞ்சிக்குரிய நீர் அருவியும் சுனையும். ஆறு குறிஞ்சிக்குக் கிடையாது. மலையை விட்டு இறங்கிய பிறகுதான் தண்ணீர் ஆறு என்று பெயர் பெறுகிறது, அதுவரை அது காட்சி. சங்கக் கவிதைகளே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, அவற்றுக்குள் காட்டாறுகள் புரண்டு வருகின்றன. நான் சொல்வது அட்டவணையை, அதை வைத்து வாசித்த கல்வித்துறையை. மலை என்பது காதலுக்கும் தேனுக்கும் தினைக்குமான நிலம், ஆற்றின் நாகரிகம் மருதத்தில் என்ற இந்த வாசிப்புக்கும், மலையை 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்று குறிக்கும் கோப்புக்கும் உள்ள உறவு தற்செயலானதாக எனக்குப் படவில்லை. இரண்டிலுமே மலையில் இருப்பவர் ஆற்றுக்காரர் ஆவதில்லை.

இப்போது தூரத்திலிருந்து ஓர் உதாரணம். அமெரிக்காவில் ஓரிகன், கலிஃபோர்னியா என்ற இரு மாநிலங்களின் எல்லையைக் கடக்கும் ஆறு கிளமத். அதில் சால்மன் மீன் கடலிலிருந்து மேலேறி வரும். 2001ல் வறட்சியின்போது மீனுக்காக விவசாயிகளுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது, பெரிய கொந்தளிப்பு. மறுவருஷம் விவசாயத்துக்குத் திறந்தார்கள், கீழே பல்லாயிரம் சால்மன் செத்து மிதந்தது. யூரோக், காரூக் முதலான பழங்குடியினர் அதன்பின் இருபது வருஷம் நடத்திய போராட்டத்தின் முடிவில் 2024ல் நான்கு அணைகளும் இடித்து முடிக்கப்பட்டன. அதே அக்டோபரில் சால்மன் எல்லை தாண்டி ஓரிகனுக்குள் ஏறியது. (அவை நான்கும் மின்சாரத்துக்கான அணைகள், பாசன அணைகள் இல்லை. அமராவதியை இடிக்கலாம் என்று யாரும் என் வாயில் வார்த்தை போட வேண்டாம்.) கொலம்பியா ஆற்றிலோ கதை நேர்மாறு. அமெரிக்காவும் கனடாவும் 1961ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வெள்ளத்தையும் மின்சாரத்தையும் பேசியது, மீனைப் பேசவில்லை, பழங்குடியினரைக் கேட்கவில்லை. ஆனாலும் 1977ல் நான்கு பழங்குடிகள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு மீன்வள ஆணையத்தை அமைத்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் 1855ல் அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கை இருந்தது. அதே காலத்து உடன்படிக்கைகளை வைத்துத்தான் வாஷிங்டன் மாநிலப் பழங்குடிகளுக்கு மீன்பிடிப்பில் பாதி உரிமை உண்டு என்று 1974ல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். கவனிக்க வேண்டியது இது: அங்கேயும் பேச்சு பங்கைப் பற்றித்தான். பங்கு கேட்கும் தரப்பாக ஒரு மக்கள்கூட்டம் நிற்க முடிந்தது என்பதில்தான் வித்தியாசம்.

இங்கே அந்தத் தரப்பு யார்? சின்னார் சரணாலயத்துக்குள் முதுவர், மலைப் புலையர் குடிகள் இருக்கின்றன. இந்தப் பக்கம் தளிஞ்சி, கோடந்தூர், மாவடப்பு, குழிப்பட்டி. ஆற்றுக்கு இரு கரையிலும் ஒரே மக்கள். ஆனால் கேரளப் பட்டியலில் மலைப் புலையர் பழங்குடி. இக்கரையில் புலையர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள், பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பட்டியல் உசத்தி, ஒன்று மட்டம் என்கிற பேச்சு இல்லை இது. 2006ம் வருஷத்திய வன உரிமைச் சட்டப்படி, பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கேயே வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பாம்பாற்றை நடந்து கடந்தால் ஒருவர் தன் தாத்தாவுக்கு ஆதாரம் தேட வேண்டியவராகிவிடுகிறார். காகிதம் வைத்திருந்த தாத்தா மலையில் யாருக்கு இருந்தார்?

இதோடு நம்முடைய தமிழ்த் தேசிய நண்பர்களின் 'பூர்வகுடி'யையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாத் தமிழரும் பூர்வகுடி என்றாகிவிட்டால் கோடந்தூர்க்காரர் எந்தச் சொல்லைக்கொண்டு பேசுவார்? ஆற்று உரிமை மேடைகளில் இந்தச் சொல் முழங்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சங்கடம்தான். பாட்டாளி, விவசாயி, பனியன் தொழிலாளி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு மலைக்காரர்களைக் கடைசியில் கலைநிகழ்ச்சிக்கு அழைக்கும் நம் தோழர்களும் இதில் விலக்கில்லை.

ஒருங்கிணைப்பு என்பது இந்த இடத்தில் மிகச் சாதாரணமான வேலை. அதே வன உரிமைச் சட்டம் மீனையும் நீர்நிலைகளின் விளைபொருளையும் சமூக உரிமையாக எண்ணுகிறது. அதன் ஐந்தாம் பிரிவு நீர்ப்பிடிப்பையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்குத் தருகிறது. கோப்பில் அனாதையாகக் கிடந்த 'நீர்ப்பிடிப்பு' இங்கே முதல்முறையாக ஒரு மக்கள்கூட்டத்தின் பொறுப்பாகிறது. சின்னாரின் ஊருகூட்டம் ஒன்று மஹ்சீர் ஏறும் மாதங்களில் எந்தெந்த மடுவில் வலை போடக்கூடாது, எங்கே வெடி போடுகிறவர்களை மறிக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதலாம். தளிஞ்சியின் கிராமசபையும் அதையே எழுதலாம். முதுவர் பேச்சு இரு கரையிலும் ஒன்றுதான், தீர்மானத் தாள் மட்டும் அங்கே மலையாளத்திலும் இங்கே தமிழிலும் இருக்கும். 2018ல் அமைந்த காவிரி மேலாண்மை ஆணையத்தில் மத்திய, மாநில அரசுகளின் ஆட்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இரண்டு தாளையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் மேசை அங்கே இல்லை. திருப்பூரில் நொய்யலுக்காக நீதிமன்றப் படியேறிப் பழகிய வழக்கறிஞர்களும் ஆர்வலர்களும் நிறையப்பேர் இருக்கிறார்கள். அந்த மேசையை யாரிடம் கேட்பது என்பது அவர்களுக்குத் தெரியும். உடுமலையிலிருந்து தளிஞ்சிக்குப் பாதை இருக்கிறது, மழைக்காலத்தில் மட்டும் ஆறு மறிக்கும்.